பரப்பலாம், மறைக்கக் கூடாது
ஹேம் வானொலியும் ‘ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்’ விதிகளும்

உங்கள் வீட்டு ரௌட்டரையோ மடிக்கணினியையோ ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அல்லது அதனுடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். ‘எஃப்.சி.சி.’ என்ற மூன்றெழுத்தும் இரண்டு நிபந்தனைகளும் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஒன்று, இந்தக் கருவி பிறருக்குத் தீங்கான இடையூறு விளைவிக்கக் கூடாது. மற்றொன்று, பிறரால் தனக்கு வரும் இடையூற்றை அது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எஃப்.சி.சி. என்பது அமெரிக்காவின் கூட்டரசுத் தொடர்பு ஆணையம். அந்நாட்டில் யார், எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலுடன் வானொலி அலை எழுப்பலாம் என்பதை முடிவு செய்யும் அமைப்பு அதுதான்.

நான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மின்னியல் தொடர்பியல் கற்பிக்கிறேன். ஹேம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் இப்படிக் கேட்டுவிடுவார்:

“சார், வீட்டு வைஃபையைக் கடவுச்சொல் இல்லாமல் விடாதீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதே ரௌட்டரை அமெரிக்காவில் ஒரு ஹேம் தன் உரிமத்தின்கீழ் பயன்படுத்தினால், செய்தியை மறைத்து அனுப்பக் கூடாது என்கிறீர்கள். உரிமம் எடுத்தவருக்கு உரிமை குறைவா?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் அமெரிக்க அமெச்சூர் வானொலி விதிகளின் 97ஆம் பகுதியில், 311ஆம் பிரிவில் இருக்கிறது. மிகச் சிறிய பிரிவுதான். ஆனால் சுதந்திரத்தையும் பொறுப்பையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது எப்படி என்பதை அது அழகாகக் காட்டுகிறது.

அது என்ன ‘ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்’?

சாதாரண வானொலி நிலையம் தன் ஆற்றல் முழுவதையும் ஒரு குறுகிய அலைவரிசையில் குவித்து அனுப்பும். ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் முறை, அதாவது அலைப்பரவல் முறை, அதற்கு நேர்மாறானது. ஒரு கட்டி வெல்லத்தை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்தால் நாக்கில் தித்திக்கும். அதையே ஒரு பெரிய தொட்டியில் கரைத்தால் வெல்லம் கலந்திருப்பதே தெரியாது. அதுபோலத் தேவைக்கும் பல மடங்கு அகலமான அலைக்கற்றையில் சிக்னல் மெல்லியதாகப் பரப்பப்படுகிறது.

இதை இரு வழிகளில் செய்யலாம். முதலாவது, அலைவரிசைத் தாவல். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் முன்பே பேசிவைத்த வரிசையில் ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நொண்டி விளையாட்டில் இருவர் ஒரே வரிசையில் கட்டங்களைத் தாண்டுவதுபோல. வழக்கமான புளூடூத், 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை தாவுகிறது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இத்தகைய ஒரு முறைக்குத்தான். பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை, அதாவது 88 அலைவரிசைகளை அவர்கள் குறிப்பிட்டிருந்தனர். நீர்மூழ்கிக் குண்டைக் கட்டுப்படுத்தும் சிக்னலை எதிரி குலைத்துவிடாமல் காப்பது அவர்கள் நோக்கம்.

இரண்டாவது, நேர்வரிசை முறை. அனுப்ப வேண்டிய ஒவ்வொரு பிட்டையும், அதைவிட வேகமாக மாறும் ஒரு குறியீட்டு வரிசையுடன் பெருக்கி அனுப்புவார்கள். 1997இல் வந்த முதல் வைஃபை தரத்தில் ஒரு பிட் 11 துண்டுகளாக உடைக்கப்பட்டது. பெறும் கருவியிடம் அதே குறியீட்டு வரிசை இருந்தால் துண்டுகள் ஒன்றுகூடி மீண்டும் பிட்டாகிவிடும். இல்லையென்றால் கேட்பது வெறும் இரைச்சல்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். குறியீடு தெரியாதவருக்கு அது இரைச்சல். அப்படியானால் இது ஒளிந்து பேசும் முறைதானே? பல்லாண்டுகளாக இராணுவங்கள் இதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஹேம் வானொலியில் இதற்கு இடம் கிடைக்கத் தாமதமானதும் அதனால்தான்.

ஹேம் உலகின் எழுதப்பட்ட ஒப்பந்தம்

ஹேம் உரிமம் என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது. தேர்வில் தேறியவருக்கு அரசு விலைமதிப்பற்ற அலைக்கற்றையில் இடம் தருகிறது. கருவியை அவரே வடிவமைக்கலாம், பிரித்துப் போடலாம், சோதித்துப் பார்க்கலாம். வேறு எந்த வானொலிச் சேவையிலும் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. பதிலுக்கு அவர் சில வாக்குறுதிகள் தருகிறார். காசுக்காகப் பேசமாட்டேன். என் அழைப்புக் குறியை அறிவிப்பேன். பொருளை மறைக்கும் நோக்கத்தோடு சங்கேதத்தில் பேசமாட்டேன்.

அமெரிக்க விதிப்படி ஒரு ஹேம் நிலையம் உரையாடலின் முடிவிலும், உரையாடல் நீளும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறையாவதும் தன் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். இந்த உலகில் காவல்துறை எல்லா இடத்திலும் நிற்பதில்லை. ஹேம்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் ஒழுங்கு நிலைக்கிறது. கேட்கவே முடியாத சிக்னலை யார் கண்காணிப்பது?

இந்தச் சிக்கலோடுதான் 1981இல் கதை தொடங்கியது. அம்ராட் என்ற அமெரிக்க அமெச்சூர் வானொலி ஆய்வுக் குழுவுக்கு, அலைப்பரவல் முறையைச் சோதித்துப் பார்க்க எஃப்.சி.சி. தற்காலிகச் சிறப்பு அனுமதி தந்தது. 1985 மே மாதத்தில் ஹேம்களுக்கு நிரந்தர விதிகள் பிறந்தன. 1986இல் நடைமுறைக்கு வந்தன.

அதே 1985இல் எஃப்.சி.சி. இன்னொரு கதவையும் திறந்தது. 902–928, 2400–2483.5, 5725–5850 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில், 1 வாட் வரை, தனி உரிமமே இல்லாமல் அலைப்பரவல் கருவிகள் இயங்கலாம் என்றது. இன்று நம் வீட்டிலுள்ள வைஃபையும் காதிலுள்ள புளூடூத்தும் அந்த வாசல் வழியாக வந்தவையே.

மூன்றே மூன்று குறியீடுகள்

முதல் ஹேம் விதிகள் மிகக் கறாரானவை. 420 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஹேம் பட்டைகளில் மட்டும் அனுமதி. உச்ச ஆற்றல் 100 வாட். அமெரிக்காவுக்குள் மட்டுமே பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்வரிசை முறைக்கு எந்தக் குறியீட்டு வரிசையைப் பயன்படுத்தலாம் என்பதையும் ஆணையமே எழுதிவைத்தது. 7, 13, 19 படிகள் கொண்ட மூன்று நகர்வுப் பதிவேடுகளிலிருந்து பிறக்கும் வரிசைகள் மட்டும்.

கணிதம் படிப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். அத்தகைய பதிவேட்டில் n படிகள் இருந்தால், வரிசையின் நீளம் இரண்டின் n அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. ஆக 127, 8,191, 5,24,287. மூன்று வரிசைகளும் சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தன. யார் வேண்டுமானாலும் அதே பதிவேட்டைக் கட்டி அந்தச் சிக்னலைக் கேட்கலாம். சிக்னல் பரவியது, ஆனால் மறையவில்லை.

அதோடு விடவில்லை. மைய அலைவரிசை எது, தாவும் வேகம் எவ்வளவு, எந்தக் குறியீடு, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பைக் கொண்டே ஆணையம் சிக்னலைப் பிரித்தறிய முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த இடத்தில் வகுப்பில் நான் ஜி.பி.எஸ். உதாரணத்தைச் சொல்வேன். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் நேர்வரிசை முறையில்தான் அனுப்புகிறது. பொதுமக்களுக்கான அடிப்படைக் குறியீடு 1,023 துண்டுகள் நீளமானது; மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும். அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட குறியீடு. அதனால்தான் உங்கள் திறன்பேசி வழி காட்டுகிறது. அதே செயற்கைக்கோள் இராணுவத்துக்கும் ஒரு சிக்னல் அனுப்புகிறது. அதன் குறியீடு மறையாக்கம் செய்யப்பட்டது, நமக்கு எட்டாது. பரப்பும் தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று திறந்தது, ஒன்று பூட்டியது. பரப்புவதும் மறைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

தளர்ந்தது எது, தளராதது எது?

மூன்று குறியீடுகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சோதனை செய்வது? வெளியே வைஃபை வளர்ந்துகொண்டிருந்தது. அதன் 11 துண்டுக் குறியீடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. புதியன கண்டுபிடிக்கத் தரப்பட்ட உரிமம், கடையில் விற்கும் கருவிக்கும் பின்னால் நின்றது.

1999இல் எஃப்.சி.சி. விதிகளைத் தளர்த்தியது. மற்ற குறியீடுகளையும் பயன்படுத்தலாம். அலைப்பரவலை அனுமதிக்கும் பிற நாட்டு ஹேம்களுடனும் பேசலாம். ஆனால் புதிதாக ஒரு நிபந்தனை சேர்ந்தது. 1 வாட்டுக்கு மேல் போனால், தேவையான அளவுக்கே ஆற்றலைக் கட்டுப்படுத்தும் தானியங்கி ஏற்பாடு கருவியில் இருக்க வேண்டும். தாளில் நியாயமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டை வீட்டுப் பட்டறையில் கட்டுவது மிகக் கடினம். மறுமுனையில் சிக்னல் எந்தத் தரத்தில் கேட்கிறது என்று கணத்துக்குக் கணம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டுமே!

2011இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. மாற்றாக, உச்ச ஆற்றல் 100 வாட்டிலிருந்து 10 வாட்டாகக் குறைக்கப்பட்டது. சிக்கலான ஏற்பாட்டின் இடத்தில் எவரும் அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண் வந்தது.

இன்றைய 311ஆம் பிரிவின் சாரத்தை இப்படிச் சொல்லலாம்:

• எஃப்.சி.சி. ஆளுகைக்குட்பட்ட இடங்களுக்கிடையிலும், இம்முறையை அனுமதிக்கும் பிற நாட்டு ஹேம் நிலையங்களுடனும் மட்டுமே அலைப்பரவல் தொடர்பு கொள்ளலாம்.

• செய்தியின் பொருளை மறைக்கும் நோக்கத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

• அனுமதிக்கப்பட்ட பிற முறைகளில் இயங்கும் நிலையங்களுக்குத் தீங்கான இடையூறு தரக் கூடாது. அவற்றால் வரும் இடையூற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

• ஆணையத்தின் வட்டார இயக்குநர் தேவையெனக் கருதினால் நிறுத்தச் சொல்லலாம், கட்டுப்படுத்தச் சொல்லலாம், அல்லது அனுப்பியதையெல்லாம் மூலத் தகவலாக மாற்றிப் படிக்கக்கூடிய பதிவை வைத்திருக்கச் சொல்லலாம்.

10 வாட் உச்சவரம்பு வேறொரு பிரிவில் இருக்கிறது. பட்டைகளின் பட்டியலில் இன்று 222–225 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்துள்ளது.

குறியீட்டுப் பட்டியல் போய்விட்டது. எல்லைக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆற்றல் வரம்பு மாறியது. ‘மறைக்காதே, இடையூறு செய்யாதே’ என்ற இரண்டு மட்டும் அசையவில்லை. தொழில்நுட்ப விவரங்கள் காலத்தோடு மாற வேண்டியவை. அறம் அப்படியல்ல என்பதை ஒரு வானொலி விதியில் நான் இப்படித்தான் படித்துக்கொள்கிறேன்.

ஒரே ரௌட்டர், இரண்டு சட்டங்கள்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் 2390 முதல் 2450 மெகாஹெர்ட்ஸ் வரை ஹேம் பட்டை. வைஃபையின் 1ஆம் தடம் 2412ஐ மையமாகக் கொண்டது. 6ஆம் தடத்தின் மையம் 2437. பழைய வைஃபை தடம் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 22 மெகாஹெர்ட்ஸ். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 1 முதல் 6 வரையிலான தடங்கள் முழுக்க ஹேம் பட்டைக்குள் அடங்கும். ஆகவே அங்குள்ள ஹேம் ஒருவர் அதே ரௌட்டரின் மென்பொருளை மாற்றி, பெரிய ஆன்டெனா பூட்டி, தன் உரிமத்தின்கீழ் இயக்கலாம். ஏ.ஆர்.இ.டி.என். என்ற ஹேம் குழு, பேரிடர்க் காலத்துக்கான தரவு வலையமைப்பை இப்படி விற்பனை ரௌட்டர்களைக் கொண்டே கட்டுகிறது.

உரிமமில்லாதவராக இயக்கும்போது ஆற்றலுக்கும் ஆன்டெனாவுக்கும் இறுக்கமான வரம்பு. ஆனால் மறையாக்கம் செய்துகொள்ளலாம். ஹேமாக இயக்கும்போது கூடுதல் ஆற்றல். ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும், வாசலில் பெயர்ப்பலகையும் இருக்க வேண்டும். இரண்டின் வசதிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது.

நம் மாணவர்களிடையே இன்று பரவிவரும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளிலும் இதே கோடு தெரிகிறது. அது லோரா சில்லுகளில் இயங்குவது. லோராவும் ஒரு வகை அலைப்பரவல் முறையே. சாதாரண நிலையில் அதன் செய்திகள் மறையாக்கம் செய்யப்படும். ‘ஹேம்’ நிலையைத் தேர்ந்தெடுத்தால் மறையாக்கம் அணைந்துவிடும். அழைப்புக் குறி வெளியே அறிவிக்கப்படும். மென்பொருள் எழுதியவர்கள் சட்டத்தை ஒரு பொத்தானுக்குள் வைத்துவிட்டார்கள்.

நோயாளியின் பெயரை ஊருக்கே சொல்வதா?

இதில் மறுபக்கமும் உண்டு. வெள்ளமோ புயலோ வந்து கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்தால் ஹேம்கள் துணைக்கு வருகிறார்கள். முகாமில் இருக்கும் ஒரு நோயாளியின் பெயரையும் நோயையும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால்? திறந்த அலையில் அது எல்லார் காதிலும் விழுமே! 2013இல் இதே காரணத்தைச் சொல்லி, அவசரகாலத் தொடர்புகளுக்கு மட்டுமாவது மறையாக்கத்தை அனுமதிக்க வேண்டும் என்று எஃப்.சி.சி.யிடம் ஒரு மனு போனது. அமெரிக்க ஹேம்களின் தேசியச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். அதை எதிர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

விதி கண்மூடித்தனமானது என்று நினைத்துவிட வேண்டாம். தேவை உறுதியான இடத்தில் அது விலக்குத் தருகிறது. விண்ணில் சுற்றும் ஹேம் செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்பும் நிலையம், அந்தக் கட்டளையை மறைத்து அனுப்பலாம். இல்லாவிட்டால் விஷமம் செய்பவர் எவரும் அதை அணைத்துவிட முடியுமே! மறைக்க அனுமதி கட்டளைக்கு மட்டும்தான். அதேபோல, செய்தி உண்மையிலேயே இன்னாரிடமிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் மின்கையொப்பம் பொருளை மறைப்பதில்லை. எனவே அது இந்தத் தடைக்குள் வராது என்பதே ஹேம்களிடையே பரவலான கருத்து.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2013 மனுவின் கவலை உண்மையானது. ஆனாலும் தள்ளுபடி செய்தது சரி என்றே நினைக்கிறேன். மறையாக்கத்துக்கு வாசல் திறந்தால், உள்ளே வருவது மருத்துவச் செய்தியா வணிகச் செய்தியா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. இலவச அலைக்கற்றை சிறிது சிறிதாகத் தனியார் குழாயாகிவிடும். நோயாளியின் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை அனுப்பலாம்; மறையாக்கத்துக்கு இடமுள்ள வேறு சேவைகளையும் பயன்படுத்தலாம். இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். அடுத்த விவாதப் போட்டிக்கு நல்ல தலைப்பு.

நமக்கு எது பொருந்தும்?

இதுவரை சொன்னவை அமெரிக்க விதிகள். 9எம், 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக் குறிகளைத் தரும் மலேசியாவில் எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வகுத்ததே விதி. 9வி என்று தொடங்கும் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். அமெரிக்கர் ஒருவர் யூடியூபில் 10 வாட் லோரா பெருக்கியைக் காட்டினால், அது அவருடைய உரிமத்துக்கு அவருடைய நாடு தந்த சலுகை. நமக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு லோரா பலகை வாங்கும் மாணவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் லோரா இயங்கும் பட்டை 902–928 மெகாஹெர்ட்ஸ். மலேசியாவில் 919–924, சிங்கப்பூரில் 920–925. இயங்கலையில் வாங்கிய பலகையின் பெட்டியில் 915 என்று எழுதியிருக்கும். மென்பொருளில் நாட்டைத் தேர்வு செய்யும் இடத்தில் ‘அமெரிக்கா’ என்று விட்டுவிட்டால், இங்கே கைப்பேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்திலும் உங்கள் பலகை அலை எழுப்பக்கூடும். எனவே பலகைக்கு மின்சாரம் தருவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: எந்தப் பட்டை, எவ்வளவு ஆற்றல், உரிமம் தேவையா இல்லையா. மூன்றுக்கும் விடை உங்கள் நாட்டு ஆணையத்தின் ஆவணத்திலிருந்து வர வேண்டும். ஆன்டெனாவைப் பூட்டாமல் கருவியை இயக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சட்டம் அல்ல, சில்லைக் காப்பாற்றும் வழி.

உரிமம் எடுத்தவருக்கு உரிமை குறைவா என்று கேட்ட மாணவருக்கு நான் தரும் பதில் இதுதான். வீட்டு வைஃபையில் நாம் வாடிக்கையாளர்கள். யாரோ செய்து, சோதித்து, முத்திரையிட்டுத் தந்த பெட்டியைப் பயன்படுத்துகிறோம். அதற்குள் நம் அந்தரங்கத்தைப் பூட்டி வைக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஹேம் உரிமம் பெற்றவரோ அந்தப் பெட்டியைத் திறக்கவும் மாற்றவும் புதிதாகச் செய்யவும் அனுமதிக்கப்பட்டவர். அந்த நம்பிக்கைக்கு அவர் தரும் விலை, தான் செய்வதைப் பிறர் கேட்க விடுவது. தேர்வுக்குப் படிக்க விருப்பமுள்ளவர்கள் உங்கள் வட்டாரத்து அமெச்சூர் வானொலிச் சங்கத்தை விசாரியுங்கள். சுற்றுவரைபடங்களோடு விதிப் புத்தகத்தையும் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். தேர்வில் இரண்டிலிருந்தும் கேள்வி வரும்.